ஹெட்டைக் கழற்றும் முன்: பனியன் மேல் டிஜிட்டல் பிரிண்டிங்கில் நான் பட்ட பாடு

முதல் 14 மாதத்தில் கையைவிட்டுப் போன பணம் 72,100 ரூபாய். மெஷின் விலையும் வங்கித் தவணையும் இதில் சேராது. மெஷின் ஓடாமல் நின்ற நாட்களைக் கூட்டினால் 11 வாரம் வருகிறது. பணத்தில் பெரிய பங்கு ஹெட், அதாவது மை தெளிக்கும் பாகம், வாங்கவே போனது. கழற்றிய பழைய ஹெட்டில் கோளாறே இல்லை என்று பிறகு தெரிந்தபோது இரண்டு நாள் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. திருப்பூரில் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் சந்தேகம் என்றால் தெருவுக்கு நாலு பேர் சொல்லித் தருவார்கள். இங்க்ஜெட் ஹெட் நேராகப் பனியன் மேல் மை தெளிக்கும் இந்த டிடிஜி முறையில் அடி வாங்கினால் முதலில் எங்கே பார்ப்பது என்று சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். சின்ன அளவில் இறங்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

நான் வாங்கியது போட்டோ பிரிண்டரைப் பிரித்துக் கட்டிய ஏ3 மெஷின். 6 சேனல்: நாலில் வண்ணம், இரண்டில் வெள்ளை. விலை 2,85,000 ரூபாய். டெமோவில் கறுப்பு பனியன் மேல் ஒரு புலி முகம் அடித்துக் காட்டினார்கள், மீசை மயிர் தனித்தனியாகத் தெரிந்தது. அந்தப் பனியன் அவர்களுடையது, மை பிடிக்கத் துணியில் தெளிக்கும் பிரீட்ரீட்மென்ட் மருந்தும் ஏற்கெனவே போட்டுக் காயவைத்தது. அங்கேதான் முதல் தப்பு. டெமோவுக்குப் போகும்போது நீங்கள் விற்கப்போகும் பனியனையே கொண்டுபோங்கள், மூன்று வெவ்வேறு லாட்டிலிருந்து. பிரீட்ரீட்மென்ட் தெளிப்பதிலிருந்து சூட்டில் அழுத்தும் பிரஸ் போடுவது வரை எல்லாம் உங்கள் கண் முன் நடக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து 40 டிகிரி தண்ணீரில் 5 முறை துவையுங்கள். பிரிண்ட் மேல் வெள்ளைத் துணியைக் காய்ந்தபடி ஒருமுறை, நனைத்து ஒருமுறை பத்துப் பத்துத் தேய்ப்புத் தேயுங்கள். ஏற்றுமதி கம்பெனிகள் லேபில் ஐஎஸ்ஓ 105 வரிசையில் சி06 என்றும் எக்ஸ்12 என்றும் எடுக்கும் சோதனைகளின் வீட்டு வடிவம் இதுதான். இன்னொன்று, காலையில் மெஷினை ஆன் செய்தவுடன், கிளீனிங் கொடுக்கும் முன் எடுத்த நாசில் செக்கை, அதாவது மை வரும் துளைகள் எல்லாம் ஓடுகின்றனவா என்று தாளில் அடித்துப் பார்க்கும் சோதனையை, பார்க்கக் கேளுங்கள். கிளீனிங் கொடுத்த பிறகு எந்த மெஷினும் நல்ல மெஷினாகத்தான் தெரியும்.

இதில் எல்லாத் தொல்லைக்கும் வேர் வெள்ளை மை. வெள்ளைத் துணியில் வண்ண மை மட்டும் அடிப்பது ஏறக்குறைய பேப்பரில் அடிப்பது போலத்தான். கறுப்பில் அடிக்க, அடியில் வெள்ளைத் தளம் போட்டாக வேண்டும். அந்த மையின் வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடு. தண்ணீரைப் போல நாலு மடங்கு அடர்த்தி உள்ள பொடி அது. தண்ணீர் கலந்த மையில் எவ்வளவு நைசாக அரைத்துப் போட்டாலும் சும்மா வைத்தால் அடியில் படியும். பாட்டிலிலும் படியும், டியூபிலும் படியும், ஹெட்டுக்குள்ளும் படியும். வண்ண மை பத்து நாள் சும்மா இருந்தாலும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். வெள்ளை இரண்டு நாள்கூடப் பொறுக்காது. இதைப் புரிந்துகொள்ளாமல் மெஷின் வாங்குவது, பால் கறக்க நேரமில்லாதவர் மாடு வாங்குவது மாதிரி.

முதல் பெரிய அடி ஒரு கல்லூரி ஆர்டரில் விழுந்தது. 64 கறுப்பு பனியன், ஒன்று 340 ரூபாய். கொடுத்த அன்று எல்லோருக்கும் பிடித்தது. இரண்டு துவைப்பில் வெள்ளை பொரிந்து உதிர்ந்து, எழுத்தெல்லாம் சாம்பல் நிறமானது. 21,760 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தேன். பனியன் 145, மையும் மருந்தும் 55 என்று என் கைச்செலவு மட்டும் 12,800. மை சரியில்லை என்று நினைத்து மை விற்றவரோடு சண்டைக்குப் போனேன். பக்கத்தில் முப்பது வருடமாக ஸ்கிரீன் அடிக்கிற பெரியவர் ஒருவர் வந்து, மீதியிருந்த பனியன் மேல் டம்ளரிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். சொட்டு முத்துப்போல அப்படியே நின்றது. "ஏனுங்க தம்பி, தண்ணியே உள்ள போக மாட்டேங்குது, உங்க மருந்து மட்டும் எப்படிங்க போகும்?" என்றார். அந்த லாட் துணிக்கு ஃபினிஷிங்கில் சிலிக்கான் சாஃப்ட்னர் போட்டிருந்தார்கள். தொட்டால் பட்டு மாதிரி இருக்கும், அதை நம்பித்தான் வாங்கினேன். நமக்கு வேண்டாத குணம் அது.

அன்றிலிருந்து எந்த லாட் வந்தாலும் சொட்டுச் சோதனைதான் முதலில். மூன்று விநாடிக்குள் தண்ணீர் துணிக்குள் இறங்க வேண்டும். இறங்காத லாட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்குவதில்லை. சேர்த்துத் துணி எடுப்பவர் என்றால், டையிங்குக்குக் கொடுக்கும்போதே சிலிக்கான் வேண்டாம், பயோ வாஷ் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பயோ வாஷில் துணி மேல் நிற்கிற சின்னச் சின்ன நூல்மயிர் போய்விடும். அது போகாத துணியில் அடித்தால், முதல் துவைப்புக்குப் பிறகு கறுப்பு மயிர் வெள்ளைத் தளத்தைக் குத்திக்கொண்டு எழும், பிரிண்ட் நரைத்தது போல இருக்கும். நான் எடுப்பது 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) கோம்டு காட்டன் சிங்கிள் ஜெர்சி. இங்கே பனியன் சந்தையான காதர்பேட்டையில் சர்ப்ளஸ், அதாவது மிஞ்சிய சரக்கு, எடுக்கும்போது ஒரே கட்டில் மூன்று கம்பெனிச் சரக்கு கலந்திருக்கும், எனவே கட்டுக்கு ஒன்று என்று இல்லாமல் நாலைந்தை உருவிச் சோதியுங்கள். தையல் ஓரத்திலிருந்து ஒரு நூலை எடுத்துக் கொளுத்தியும் பாருங்கள். காட்டன் பேப்பர் வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி உருண்டையாக நிற்கும். பாலியஸ்டர் கலந்த சிவப்புத் துணியில் பிரஸ் சூட்டுக்குச் சாயம் ஆவியாகி ஏறி, உங்கள் வெள்ளை இளஞ்சிவப்பாகிவிடும். அதற்கு மெஷினில் வைத்தியம் கிடையாது.

அந்த 64 பனியனில் துணி மட்டும் காரணம் அல்ல. பிரீட்ரீட்மென்டையும் கண்ணளவில் தெளித்துக்கொண்டிருந்தேன். அந்த மருந்தில் பெரும்பாலும் கால்சியம் உப்பும் பைண்டரும் (ஒட்டுப்பசை) இருக்கும். வெள்ளை மை அதன் மேல் விழுந்தவுடன் உப்பு அதைப் பாலைத் திரிப்பது போல இறுக்கி, நூலுக்குள் இறங்கவிடாமல் மேலேயே நிறுத்துகிறது. குறைந்தால் வெள்ளை உள்ளே இறங்கி மங்கும். கூடினால் மை துணியைப் பிடிக்காமல் உப்புப் படலத்தைப் பிடிக்கும், துவைக்கும்போது படலத்தோடு கழன்றுவிடும். சுற்றிலும் பெட்டி போட்டது மாதிரிக் கறையும் தெரியும். ஒரு கிராம் துல்லியத்துக்கு எடை காட்டும் சமையலறைத் தராசு போதும். பனியனைத் தெளிக்கும் முன் ஒருமுறை, தெளித்தவுடன் ஒருமுறை நிறுங்கள். ஏ4 அளவுக்கு எனக்கு 10 முதல் 12 கிராம், 14க்கு 16 இன்ச் அளவுக்கு 22 முதல் 25 கிராம் சரியாக வருகிறது. மருந்துக்கு மருந்து மாறும், ஆகவே 8, 10, 12, 14 கிராம் என்று நாலு துண்டில் அடித்துத் துவைத்து உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள். தெளித்ததும் ஒரு பிரஷ்ஷால் ஒரே திசையில் தடவி நூல்மயிரைப் படியவைத்து, 160 டிகிரியில் 30 விநாடி அழுத்தி, திறந்து ஆவியை விட்டு, மறுபடி 30 விநாடி. கை வைத்தால் ஈரம் துளியும் இருக்கக்கூடாது. ஈரம் மிச்சமிருந்தால் மை ஓடும்.

மூன்றாவது காரணம் பிரஸ். டிஸ்ப்ளேயில் 160 என்று காட்டியது. டெம்பரேச்சர் ஸ்ட்ரிப் ஒட்டிப் பார்த்தபோது நடுவில் 158, இடது மூலையில் 138. சிவப்பு ஒளி அடிக்கும் துப்பாக்கித் தெர்மாமீட்டரை இதற்கு நம்பாதீர்கள், பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும். மை காய்வது வேறு, வேகுவது வேறு. முதலில் தண்ணீர் வெளியேற வேண்டும், பிறகுதான் பைண்டர் படலமாகி நூலைக் கவ்வும். அடித்த கையோடு அழுத்தினால் மேலே தோல் கட்டி உள்ளே பச்சையாக நின்றுவிடும். இப்போது பிரஸ்ஸை மையில் படாமல் ஒரு சென்டிமீட்டர் மேலே 40 விநாடி நிறுத்தி, பிறகு சிலிக்கான் பேப்பர் வைத்து லேசான அழுத்தத்தில் 160 டிகிரியில் 90 விநாடி கொடுக்கிறேன். வெள்ளை கனமாக இருந்தால் பனியனைப் பாதிச் சுற்றுத் திருப்பிவைத்து இன்னொரு 60 விநாடி. மூலைக் குறை அதில் சரியாகிவிடுகிறது.

துணி, மருந்து, பிரஸ் மூன்றும் சரியான பிறகுதான் ஹெட் தொல்லை ஆரம்பித்தது. காலையில் நாசில் செக் முழுதாக வரும். பனியனில் மேல் பாதி பளிச்சென்று விழும், கீழ் பாதியில் வெள்ளை கோடு கோடாகக் குறைந்துகொண்டே போகும். டெக்னீஷியன் வந்தார், ஹெட் போய்விட்டது என்றார், 22,000 ரூபாய்க்குப் புது ஹெட் போட்டோம். மறுநாள் அதே கோடு. கையில் இருந்த எல்லாவற்றையும் போட்டு வாங்கிய ஹெட் அது, அன்றைக்கு மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். கோளாறு இருந்தது டேம்பரில். ஹெட்டுக்கு முன்னால், டியூப் வந்து சேரும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி அது. உள்ளே நைஸான வடிகட்டி. அதில் வெள்ளைப் பொடி அடைத்துக்கொண்டால் மெதுவாகத்தான் மை வரும். நாசில் செக்குக்குத் தேவையான சொட்டு வந்துவிடும், தொடர்ந்து அடிக்கும்போது போதாது. டேம்பரின் விலை 250 ரூபாய். கழற்றிப்போட்ட பழைய ஹெட்டைப் புது டேம்பரோடு திரும்ப மாட்டினேன், இன்னும் ஐந்து மாதம் ஓடியது.

நாசில் செக் தாளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஹெட்டைக் கழற்றலாமா வேண்டாமா என்று அதுவே சொல்லும். தொடக்கத்தில் முழுதாக இருந்து, அடிக்க அடிக்கக் குறைந்தால் மை வரத்துக் குறைவு: டேம்பர், டியூபில் காற்று, மடங்கிய டியூப், மை பாட்டில் இருக்கும் உயரம் ஆகியவற்றை அந்த வரிசையில் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நாசில் காணாமல் போனால் பெரும்பாலும் காற்று, அல்லது ஓடாதபோது ஹெட்டை மூடும் கேப் சரியாக மூடவில்லை. கேப்பில் நாலு சொட்டு கிளீனிங் லிக்விட் விட்டு ஹெட்டை அதன் மேல் பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள், மட்டம் இறங்கியிருந்தால் கேப் ரப்பர் கசிகிறது. கோடு இருக்கிறது ஆனால் சாய்ந்து விழுகிறது என்றால் நாசில் வாயில் அழுக்கு அல்லது பஞ்சு, ஹெட்டைத் துடைக்கும் ரப்பர் பட்டையான வைப்பரைத் துடையுங்கள். கிளீனிங், டேம்பர் மாற்றல், ஒரு இரவு ஊறவைத்தல் எல்லாம் முடிந்தும் அதே நாசில்கள் அதே இடத்தில் விடாமல் காணவில்லை என்றால்தான் ஹெட் பற்றிப் பேச வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள். டேம்பரைத் தொடும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்குங்கள். ஹெட்டின் பட்டைக் கேபிளில் ஒரு சொட்டு மை இறங்கி, அதோடு கரண்ட் கொடுத்தால் ஹெட்டும் போகும், கூடவே மெயின் போர்டும் போகலாம். வெள்ளை டேம்பரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நன்றாக ஓடினாலும் மாற்றிவிடுகிறேன்.

அந்தப் பழைய ஹெட் உண்மையிலேயே செத்தது தீபாவளிக்கு. ஊரே காலியாகும் நேரம், பத்து நாள் பூட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது இரண்டு வெள்ளைச் சேனலிலும் நாசில் செக் வெற்றுத் தாள். கிளீனிங், ஊறவைத்தல் என்று ஒரு வாரமும் ஒரு லிட்டருக்கு மேல் மையும் போயின. சிரிஞ்சால் அழுத்திப் பார்த்ததில் உள்ளே சேனல் கிழிந்து வண்ணம் கலந்துவிட்டது. சிரிஞ்சால் தள்ளாதீர்கள். கேப் பக்கமிருந்து மெதுவாக இழுப்பதுதான் சரி. முன்பு வாங்கிய புது ஹெட்டையே எடுத்து மாட்டினேன். இரண்டு நாளுக்கு மேல் நிற்கும் என்றால் வெள்ளை பாட்டிலுக்குப் பதில் கிளீனிங் லிக்விட் பாட்டிலை மாட்டி, வெளியே வருவது நிறமற்றதாகும் வரை ஓடவிட்டு, கேப்பை லிக்விடால் நிரப்பி மூடிவிட்டுப் போங்கள். அரை மணி நேர வேலை. சாதாரண நாட்களில் காலையில் வெள்ளை பாட்டிலை நுரை வராமல் ஒரு நிமிடம் சாய்த்துச் சாய்த்துக் கலக்குவது, சாயங்காலம் கேப்பும் வைப்பரும் துடைப்பது. ஞாயிறும் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் புது ஹெட்டில் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாசிலாக மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டே வந்தது. இதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நாள் ஆனது. காரணம் எங்கள் அறையின் அமைப்பு. பிரீட்ரீட்மென்ட் தெளிக்கும் மேஜை மெஷினிலிருந்து எட்டடி தூரத்தில் இருந்தது. தெளிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சாரல் காற்றில் மிதந்து வந்து கேப் மேலும் வைப்பர் மேலும் படிகிறது. துணி மேல் வெள்ளையைத் திரிக்கிற அதே உப்பு, நாசில் வாயிலும் திரிக்கிறது. திரிந்தது கிளீனிங்கில் கரைவதில்லை. தெளிப்பதை மாடிப்படிக்குக் கீழே தனி இடத்துக்கு மாற்றினேன், மருந்து தொட்ட கையுறையோடு மெஷினைத் தொடக்கூடாது என்று வைத்தேன், அந்த அடைப்பு நின்றுவிட்டது. இடம் பார்க்கும்போதே இரண்டு அறையாகப் பாருங்கள். ஓவர்லாக் மெஷின் ஓடும் ஹாலிலும் வைக்க வேண்டாம், பஞ்சு பறக்கும். ஃபேன் காற்று மெஷின் மேல் படக்கூடாது. காற்றின் ஈரப்பதம் 45 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சுவரில் ஒரு ஹைக்ரோமீட்டர் மாட்டினால் தெரிந்துவிடும். ஏப்ரல் மதியத்தில் எங்கள் அறையில் 30க்குக் கீழே இறங்குகிறது, ஏசி போட்டால் இன்னும் காயும், ஹியூமிடிஃபையர் ஓடவிடுகிறோம். யூபிஎஸ்ஸில் பிரிண்டரும் கம்ப்யூட்டரும் மட்டும். பிரஸ்ஸை அதில் மாட்டினால் யூபிஎஸ் தாங்காது. அடித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய் ஹெட் வெளியே நின்றுவிட்டால், மெதுவாகக் கையால் தள்ளிக் கேப் மேல் கொண்டுவந்து நிறுத்துங்கள். அரை மணி நேரம் திறந்து கிடந்தாலே வெள்ளை காய்ந்துவிடும்.

டிசைன் பற்றிக் கொஞ்சம். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை அப்படியே அடிக்காதீர்கள். அடிக்கும் அளவிலேயே 300 டிபிஐ, பின்புலம் இல்லாத பிஎன்ஜி. ஓரத்தில் பாதி மங்கலான பிக்சல்கள் இருந்தால் அதற்குக் கீழும் வெள்ளை விழுந்து, படத்தைச் சுற்றி வெள்ளை வரம்பு தெரியும். படத்தைப் பிரிண்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஆர்ஐபி சாஃப்ட்வேரில் வெள்ளைத் தளத்தை 2 அல்லது 3 பிக்சல் உள்ளே இழுத்துவிடுங்கள். கறுப்பு பனியனில் படத்தின் கறுப்புக்கு மை வேண்டியதில்லை, துணியே கறுப்பாக நிற்கட்டும். மையும் மிச்சம், பிரிண்டும் மெத்தென்று இருக்கும்.

விலை போடும்போது மை கணக்கு மட்டும் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். ஏ4 அளவில் கறுப்பு மேல் வெள்ளை 6 மி.லி., வண்ணம் 2 மி.லி., மருந்து எல்லாம் சேர்த்து 55 ரூபாய் ஆகிறது. ஆனால் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் தினசரி கிளீனிங்கில் 15 மி.லி. வெள்ளை போகும், அது சுமார் 100 ரூபாய். நாளுக்கு 20 பனியன் அடித்தால் ஒன்றுக்கு 5 ரூபாய், நாலே அடித்தால் 25. இருபதில் ஒன்று வீணாகும் என்று வைத்தால் அதற்கு 10. ஒரே பிரஸ் வைத்து மருந்து காயவைத்து, அடித்து, வேகவைத்தால் மணிக்கு 6 பனியனுக்கு மேல் வராது. ஒரே டிசைன், ஓரிரு வண்ணம், 50க்கு மேல் என்றால் தயங்காமல் ஸ்கிரீன்காரருக்கு ஜாப் ஒர்க் கொடுத்துவிடுகிறேன். பாலியஸ்டர் ஜெர்சி கேட்டால் டிடிஎஃப், அதாவது ஃபிலிமில் அடித்துத் துணியில் ஒட்டும் முறை, போட்டுக் கொடுக்கலாம். பத்து, பதினைந்து பீஸ், ஆளுக்கு ஒரு பெயர், போட்டோ மாதிரி வண்ணம், காட்டன் துணி, தொட்டால் ஒட்டுப் போட்டது மாதிரித் தெரியக்கூடாது: டிடிஜியின் இடம் அதுதான், அங்கே இன்றும் அதற்கு ஈடு இல்லை.

கடைசியாகக் கழிவு மை. வேஸ்ட் பாட்டிலில் மாதம் ஒரு லிட்டர் சேரும், கொல்லைச் சாக்கடையில் ஊற்றிவிடத் தோன்றும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது இந்த ஊர் என்ன பாடுபட்டது என்று எல்லோருக்கும் தெரியும், நொய்யல் என்ன ஆனது என்றும் தெரியும். ஒரு லிட்டர்தானே என்று விட எனக்கு மனம் வரவில்லை. அகலமான பிளாஸ்டிக் டிரேயில் அரை இன்ச் உயரத்துக்கு ஊற்றி மாடியில் மழை படாமல் வைத்தால், வெயில் காலத்தில் நாலைந்து நாளில் தண்ணீர் போய் ரப்பர் தகடு மாதிரி உரிந்து வரும். அதைக் கட்டிப் பையில் சேர்த்துவைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றுக் கழிவு எடுப்பவரிடம் கொடுக்கலாம். டிரே ஒன்றின் விலை 180 ரூபாய்.